ஒரே ஆஸ்பத்திரி, ஆளுக்கொரு கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பக்கத்து ஆஸ்பத்திரியைப் பற்றி விசாரித்தால் ஒருவர் "உயிரையே காப்பாத்தினாங்க" என்பார். அடுத்தவர் "செத்தாலும் அந்தப் பக்கம் போயிடாதீங்க" என்பார். இந்த முரண்பாட்டைச் சுற்றி வழக்கமாக எழும் கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். எந்த ஆஸ்பத்திரிக்கும் இதில் சிபாரிசு கிடையாது.

இரண்டு பேரும் நேர் எதிராகச் சொல்கிறார்கள். யார் சொல்வது உண்மை?

பெரும்பாலும் இரண்டுமே உண்மைதான். வாசலில் பெயர்ப்பலகை ஒன்று. உள்ளே பிரசவ வார்டு, எலும்பு வார்டு, டயாலிசிஸ், ஐ.சி.யூ., எமர்ஜென்சி என்று ஒவ்வொன்றும் தனித்தனி ஆட்களோடும் தனித்தனிப் பழக்கங்களோடும் ஓடிக்கொண்டிருக்கும். இதய நோய்க்குப் போனவரும் கால் எலும்பு முறிந்து போனவரும் ஒரே ஆஸ்பத்திரிக்குப் போனதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். இருவரும் பொதுவாகப் பார்த்தது லிஃப்டும் கேஷ் கவுண்டரும் மட்டுமாகக்கூட இருக்கலாம்.

இதற்கு மருத்துவ வரலாற்றிலேயே பெரிய சாட்சி உண்டு. 1840களில் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயிற்சி பெற்றார்கள், இரண்டாவதில் மருத்துவச்சிகள். யாரை எதில் சேர்ப்பது என்பது வந்த நாளை வைத்து முடிவானது: இன்று வந்தால் இதில், நாளை வந்தால் அதில். 1841 முதல் 1846 வரை முதல் பிரிவில் சராசரியாக ஏறத்தாழ 10 சதவீதத் தாய்மார்கள் இறந்தார்கள். இரண்டாவதில் 4 சதவீதத்துக்கும் குறைவு. அந்த ஊர்ப் பெண்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. முதல் பிரிவில் மட்டும் போட்டுவிடாதீர்கள் என்று மண்டியிட்டுக் கெஞ்சினார்கள் என்று அங்கே வேலை பார்த்த டாக்டர் இக்னாஸ் செம்மல்வைஸ் எழுதி வைத்திருக்கிறார். பெரிய டாக்டர்களோ கெட்ட காற்றின் மேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

1847இல் சக டாக்டர் ஒருவர் பிரேதப் பரிசோதனையின்போது கத்தி பட்டு, அந்தத் தாய்மார்களைக் கொன்ற பிரசவக் காய்ச்சலைப் போன்ற நோயிலேயே இறந்தார். செம்மல்வைஸுக்கு அப்போதுதான் பிடிபட்டது: பிணவறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வரும் கைகளே காரணம். அந்த ஆண்டு மே மாதம் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் 18 சதவீதத்தைத் தொட்டிருந்த இறப்பு ஜூனில் 2 சதவீத அளவுக்கு இறங்கியது. "நல்லாப் பாத்துக்கிட்டாங்க", "கொன்னுட்டாங்க" என்று அந்த ஊரில் இரண்டு கதை உலவியிருந்தால் இரண்டும் அதே கட்டடத்தில் நடந்தவை. கெஞ்சிய பெண்களுக்குக் காரணம் தெரியாது. ஆனால் கண்டது சரி. இந்த வேறுபாடு கீழே பல பதில்களில் திரும்ப வரும்.

அது அந்தக் காலம். இப்போது ஒரே வார்டு, ஒரே ஆபரேஷன் என்றாலும் அனுபவம் மாறுகிறதே?

மாறும். முதல் காரணம் டூட்டியில் எத்தனை நர்ஸ்கள் இருந்தார்கள் என்பது.

நோயாளி பக்கத்திலிருந்து பாருங்கள். இரவு இரண்டு மணி. டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்து குழாயில் ரத்தம் லேசாக ஏறுகிறது. மணியை அழுத்துகிறீர்கள், யாரும் வரவில்லை. மறுபடி அழுத்துகிறீர்கள். தூரத்தில் பேச்சுச் சத்தம் கேட்கிறது, யாரோ சிரித்த மாதிரிகூட இருக்கிறது. இருபது நிமிடம் கழித்து ஒரு சிஸ்டர் வந்து, முகத்தைக்கூடப் பார்க்காமல் குழாயை மூடிவிட்டுப் போகிறார். காலையில் நீங்கள் சொல்லப்போகும் கதை அப்போதே முடிவாகிவிட்டது.

அந்தப் பக்கத்திலிருந்து: வார்டு முழுவதற்கும் அன்று இரண்டு பேர். ஒருவர் மருந்து டிராலியோடு மறு கோடியில். இன்னொருவர் மூலைக் கட்டிலில் பிரஷர் இறங்கிக்கொண்டிருக்கும் நோயாளியிடம், ஒரு கையில் போன், மறு கையில் ஊசி. மணி அவருக்கும் கேட்கிறது. டிரிப்ஸ் தீர்ந்ததால் ஆபத்து வருவது அரிது என்பது அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. அதை வந்து சொல்ல ஆள் இல்லை.

ஆள் பற்றாக்குறை எரிச்சலோடு நிற்பதில்லை. லிண்டா ஐக்கன் குழுவினர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட முடிவு: நர்ஸ் ஒருவர் கவனிக்கும் நோயாளிகளில் ஒருவர் கூடும்போதெல்லாம், அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. ஆகவே "மணி அடிச்சா யாரும் வரல" என்பதை நோயாளியின் சிணுங்கல் என்று ஒதுக்க வேண்டாம். மருத்துவ அறிவு இல்லாத ஒருவர் தெரியாமலே எடுத்துத் தந்த அளவீடு அது.

கட்டில் எங்கே கிடக்கிறது என்பதும் சேரும். ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆய்வில் பித்தப்பை ஆபரேஷன் முடிந்த 46 பேர். பாதிப் பேரின் ஜன்னலில் மரங்கள் தெரிந்தன, மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சற்று முன்னதாகவே வீட்டுக்குப் போனார்கள், வலிக்குக் கடுமையான மருந்தும் குறைவாகவே கேட்டார்கள். சின்ன ஆய்வுதான், ஒரே ஆஸ்பத்திரியில் நடந்தது. ஆனாலும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் படுத்திருந்தவர்கள் ஏன் ஒரே மாதிரி பேசுவதில்லை என்பதற்கு அதில் பாதி விடை கிடைக்கிறது.

எமர்ஜென்சியில் எங்களுக்குப் பிறகு வந்தவரை முதலில் உள்ளே கூப்பிட்டார்கள். ஆள் தெரிந்தவர் என்பதாலா?

அப்படியும் நடக்காமல் இல்லை. ஆனால் பெரும்பாலும் காரணம் அவசரத்தின் தரம். எமர்ஜென்சியில் வரிசை வந்த நேரத்தை வைத்துப் போடப்படுவதில்லை. பல நாடுகளில் பின்பற்றப்படும் மான்செஸ்டர் முறையில் ஐந்து நிறங்கள்: சிவப்பு என்றால் உடனே, ஆரஞ்சு 10 நிமிடத்துக்குள், மஞ்சள் 60, பச்சை 120, நீலம் 240 நிமிடம். வலியில் கத்துகிறவர் மஞ்சளாக இருக்கலாம். வாயைத் திறக்காமல் வியர்த்துக் கொட்டி உட்கார்ந்திருப்பவர் ஆரஞ்சாக இருக்கலாம்.

இங்கே ஆஸ்பத்திரிகள் செய்யும் தப்பு வேறு. நிறத்தைத் தாளில் குறித்துக்கொள்கிறார்கள், நோயாளியிடம் சொல்வதில்லை. "உங்களுக்கு உயிருக்கு ஆபத்து இல்லை, ஒன்றரை மணி நேரம் ஆகலாம், நடுவில் மூச்சு வாங்கினால் உடனே கூப்பிடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதே ஒன்றரை மணி நேரம் வேறு மாதிரிக் கழியும். சொல்லாவிட்டால் கேளுங்கள். காத்திருக்கும்போது நிலைமை மோசமானால் மறுபடி பார்க்கச் சொல்ல உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு, ஏனென்றால் முதலில் போட்ட நிறம் அப்படியே இருந்தாக வேண்டும் என்றில்லை.

பெயர் என்ன, எந்தக் கால், என்ன ஆபரேஷன் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாதா?

ஒரே செயல் இரண்டு விதமாகக் கதையாவதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஒருவர் "ஒரு ஒருங்கிணைப்பும் இல்லை" என்று எழுதுவார், அடுத்தவர் "அவ்வளவு கவனமாகச் சரிபார்த்தார்கள்" என்று எழுதுவார். இரண்டாமவரிடம் யாரோ காரணத்தைச் சொல்லியிருப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

தெரிந்துகொண்டுதான் கேட்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்த அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில் 19 வரிகள். நோயாளி யார், எந்த இடத்தில் ஆபரேஷன், ஒவ்வாமை உண்டா என்பதெல்லாம் அதில் உண்டு. எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் நடத்திப் பார்த்து 2009இல் வெளியான முடிவில், பட்டியல் வந்த பிறகு இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும் குறைந்திருந்தன. எந்தக் கால் என்று மயக்கம் கொடுப்பதற்கு முன் ஒருவரும் கேட்காவிட்டால்தான் நான் கவலைப்படுவேன்.

ஆனால் ஒரு பிரிப்பு வேண்டும். அடையாளத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பது பாதுகாப்பு. "காலையில் என்ன மருந்து கொடுத்தார்கள்?" என்று நர்ஸ் உங்களிடமே கேட்டால், ஷிஃப்ட் மாறும்போது தகவல் கைமாறவில்லை என்று அர்த்தம். இது அற்ப விஷயம் கிடையாது. கைமாற்றும் முறையை ஒழுங்குபடுத்திய ஒன்பது மருத்துவமனைகளில் மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்ததாக 2014இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. மருந்துகளின் பெயரையும் கடைசியாகக் கொடுத்த நேரத்தையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்திருங்கள்.

டாக்டர் பேசவே விடவில்லை. இது பொதுவான குறையா?

பொதுவானதுதான், அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஹோவர்ட் பெக்மன், ரிச்சர்ட் ஃபிராங்கல் இருவரும் 1984இல் வெளியிட்ட ஆய்வுக்காக 74 சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார்கள். நோயாளி வந்த காரணத்தை முழுதாகச் சொல்லி முடித்தது 17 சந்திப்புகளில்தான். சராசரியாக 18 விநாடியில் டாக்டர் குறுக்கிட்டார். எனவே முக்கியமானதை முதலில் சொல்லிவிடுங்கள். மூன்று தொந்தரவு இருந்தால் "மூன்று விஷயம் இருக்கிறது" என்றே தொடங்குங்கள், அப்போது இரண்டாவதோடு எழுந்துவிட மாட்டார்.

"டாக்டர் எதுவுமே சொல்லவில்லை" என்று வீட்டில் சொல்கிறோம். அவரோ எல்லாம் விளக்கினேன் என்கிறார். யாரை நம்புவது?

இரண்டு பேரும் பொய் சொல்லாமலே இது நடக்கும். ரோய் கெசல்ஸ் 2003இல் எழுதிய கட்டுரைப்படி, மருத்துவர் சொல்லும் தகவலில் 40 முதல் 80 சதவீதம் வரை உடனே மறந்துபோகிறது. நினைவில் நிற்பதிலும் ஏறத்தாழ பாதி தப்பாக நிற்கிறது. பயம், வயது, காது மந்தம், சொன்ன வேகம் எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை இது. "கட்டி" என்ற சொல் காதில் விழுந்த பிறகு அடுத்து சொன்ன பத்து வாக்கியமும் யார் மனதிலும் பதியாது.

வழி எளிது. "நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், சரியா பாருங்கள்" என்று திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். நல்ல டாக்டர்கள் இதை அவர்களாகவே கேட்பார்கள். கூட இன்னொருவர் வந்தால் அவர் எழுதிக்கொள்ளட்டும். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வாங்கிய உடனே, அங்கேயே வைத்து ஒரு தடவை படித்துவிடுங்கள்.

பட்ட அனுபவத்தை நாமே சரியாக நினைவில் வைத்திருக்கிறோமா?

நடந்ததை வைத்திருக்கிறோம். மொத்தமாக எப்படி இருந்தது என்ற தீர்ப்பில்தான் சறுக்குகிறோம்.

டொனால்ட் ரெடெல்மையர், டேனியல் கானெமன் இருவரும் பெருங்குடலில் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு வந்தவர்களிடம் நிமிடத்துக்கு நிமிடம் வலியைக் கேட்டுக் குறித்தார்கள். பிறகு "மொத்தத்தில் எப்படி இருந்தது?" என்று கேட்டார்கள். 1996இல் வெளியான முடிவில், பரிசோதனை எவ்வளவு நேரம் நீடித்தது என்பது தீர்ப்பை ஏறக்குறைய தொடவேயில்லை. உச்ச வலி எவ்வளவு, கடைசி சில நிமிடங்கள் எப்படி என்ற இரண்டுமே தீர்ப்பை முடிவு செய்தன. 2003இல் 682 பேரை வைத்துச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு எல்லாம் முடிந்த பிறகும் குழாய் நுனியைச் சில நிமிடம் அசைக்காமல் உள்ளேயே விட்டு வைத்தார்கள். கூடுதல் நேரம், கூடுதல் அசௌகரியம், ஆனால் கடைசி மட்டும் மிதமாக முடிந்தது. அவர்கள்தான் அனுபவம் அவ்வளவு மோசமில்லை என்றார்கள்.

இதை ஆஸ்பத்திரி வாசத்துக்குப் பொருத்திப் பாருங்கள். கடைசி நாள் எப்படிப் போகிறது? காலை ரவுண்ட்ஸில் டாக்டர் "நீங்க போகலாம்" என்கிறார். பையைக் கட்டிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பில் வரவில்லை, மருந்து திருப்பிக் கொடுத்த கணக்கு வரவில்லை, சம்மரியில் கையெழுத்துப் போட வேண்டியவர் தியேட்டரில் இருக்கிறார். வெளியே வரும்போது மாலையாகிவிடுகிறது. ஆறு நாள் நன்றாகப் பார்த்த ஆஸ்பத்திரிக்கு இந்த ஒரு நாளில் பெயர் கெடும். நிர்வாகத்தில் இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், வரவேற்பறைக்குப் பளிங்கு பதிப்பதை நிறுத்திவிட்டு டிஸ்சார்ஜ் மேஜைக்கு இன்னொரு ஆளைப் போடுங்கள்.

நோயாளிகள் திருப்தியாக இருந்தால் சிகிச்சை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

இதில் ஆய்வுகளே இரண்டு பக்கம் இழுக்கின்றன. 2012இல் ஜோஷுவா ஃபென்டன் குழு அமெரிக்காவில் 50,000க்கும் மேற்பட்டவர்களின் தரவை ஆராய்ந்தபோது, மிக அதிகத் திருப்தி தெரிவித்தவர்களிடம் செலவும் கூடுதல், இறப்பு வாய்ப்பும் 26 சதவீதம் கூடுதல் என்று வந்தது. கேட்ட மாத்திரை, கேட்ட ஸ்கேன் எல்லாம் கிடைத்தவர் சந்தோஷமாகத்தான் இருப்பார் என்று பலர் இதற்கு விளக்கம் சொன்னார்கள். அடுத்த ஆண்டே கேத்தல் டாயல் குழு 55 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், நோயாளி அனுபவம் நன்றாக இருக்கும் இடங்களில் பாதுகாப்பும் சிகிச்சைப் பலனும் பெரும்பாலும் நன்றாகவே இருந்தன.

என் பார்வையில் சிக்கல் கேள்வியிலேயே இருக்கிறது. "திருப்தியா?" என்று கேட்டால் எதிர்பார்ப்பு, மனநிலை, நோயின் கடுமை எல்லாம் கலந்து பதில் வரும். "மணி அடித்த பிறகு உதவி எத்தனை தடவை உடனே வந்தது?", "புது மருந்து எதற்கு என்று கொடுப்பதற்கு முன் சொன்னார்களா?" என்று கேட்டால் நடந்தது வரும். அமெரிக்க மருத்துவமனைகளில் நடக்கும் பொதுக் கருத்துக்கணிப்பு பெரும்பாலும் இப்படித்தான் கேட்கிறது. அதன் முடிவுகள் 2008 முதல் பொதுவில் வெளியாகின்றன.

அப்படியானால் புகார்களைப் பெரிதாக எடுக்க வேண்டியதில்லையா? ஆபரேஷன் சரியாக நடந்தால் போதாதா?

போதாது. இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட் மருத்துவமனையில் நடந்தது இதற்குப் பதில்.

2005 முதல் 2009 வரையான காலத்தில் அங்கே இருந்த நோயாளிகளின் குடும்பத்தினர் சொன்னவை எல்லாம் மருத்துவ நுணுக்கம் எதுவும் இல்லாத சாதாரண விஷயங்கள். தண்ணீர் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது. மலஜலத்தில் நனைந்த படுக்கையை மாற்ற ஆள் வரவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுப் போனார்கள், ஊட்டிவிட யாரும் இல்லை. எமர்ஜென்சியில் மருத்துவப் பயிற்சி இல்லாத வரவேற்பு ஊழியர்கள் யார் முதலில் என்று தரம் பிரித்தார்கள். நிர்வாகத்தின் கவனமோ வரவு செலவிலும் இலக்குகளிலும் இருந்தது. 2008இல் அந்த நிர்வாகத்துக்குத் தன்னாட்சி அந்தஸ்துகூடக் கிடைத்தது. ராபர்ட் ஃபிரான்சிஸ் தலைமையில் நடந்த பொது விசாரணையின் அறிக்கை 2013 பிப்ரவரியில் 290 பரிந்துரைகளோடு வந்தபோது, குடும்பங்கள் ஆரம்பத்திலிருந்து சொல்லி வந்தது சரி என்று உறுதியானது.

இதில் கவனிக்க இன்னொன்று உண்டு. அதே 2013இல் அதே மருத்துவமனையின் சேவைகளைக் குறைக்கக்கூடாது என்று ஆயிரக்கணக்கான ஊர்மக்கள் ஊர்வலம் போனார்கள். என் பிள்ளை இங்கேதான் பிறந்தது, என் அப்பாவை இங்கேதான் காப்பாற்றினார்கள் என்று சொன்னவர்களும் அதே ஊர்க்காரர்கள். புகார் கொடுத்தவர்களுக்கு ஊரிலேயே கசப்பான எதிர்ப்பு வந்தது. ஊர்வலம் போனவர்களையும் பொய்யர்கள் என்று சொல்ல முடியாது. அவர்கள் போனது வேறு வார்டு, வேறு நாள்.

இணையத்தில் இருக்கும் நட்சத்திரங்களை எப்படிப் படிப்பது?

சராசரியை விட்டுவிடுங்கள். சுமாராக இருந்த அனுபவத்தை உட்கார்ந்து எழுத யாருக்கும் தோன்றாது. ஆகவே ஐந்தும் ஒன்றும் குவிந்து, நடு வெற்றாக இருக்கும். இறந்துபோனவரின் குடும்பம் எழுதியதையும் பார்க்கிங் கிடைக்காதவர் எழுதியதையும் கூட்டி இரண்டால் வகுத்த எண்ணை வைத்து என்ன செய்வது?

வரிகளைப் படியுங்கள். வார்டு, நாள், நடந்த காரியம் மூன்றும் இருக்கும் பதிவுக்கு மதிப்பு அதிகம். "கேவலமான ஆஸ்பத்திரி" என்பதில் ஒன்றும் இல்லை. "ஆபரேஷனுக்கு மறுநாள் காய்ச்சல் 102, மூன்று தடவை சொன்ன பிறகு சாயங்காலம்தான் டாக்டர் வந்தார்" என்பதில் நிறைய இருக்கிறது. ஒருவரை ஒருவர் அறியாத மூன்று நான்கு பேர், வெவ்வேறு மாதங்களில், ஒரே வார்டைப் பற்றி ஒரே மாதிரி எழுதியிருந்தால் அதை நம்பலாம். ஒரே வாரத்தில் ஒரே நடையில் வந்து குவிந்த பாராட்டுகளைத் தாண்டிப் போய்விடுங்கள்.

தெரிந்தவர்களிடம் விசாரிக்கும்போது என்ன கேட்பது?

"அந்த ஆஸ்பத்திரி எப்படி?" என்று மட்டும் கேட்காதீர்கள், தீர்ப்புதான் வரும். என்ன நோய்க்குப் போனீர்கள், எந்த வருஷம், எந்த வார்டு, ராத்திரி கூப்பிட்டால் எவ்வளவு நேரத்தில் வந்தார்கள், ஆபரேஷனுக்கு முன் யார் வந்து பேசினார்கள், வீட்டுக்குப் போன பிறகு சந்தேகம் வந்தபோது போனை யார் எடுத்தார்கள் என்று கேளுங்கள். "வலிக்கு மருந்து கேட்டபோது என்ன ஆச்சு?" என்ற ஒரு கேள்வியே நிறையக் கக்க வைக்கும்.

அங்கே வேலை பார்க்கிறவர் யாரையாவது தெரியும் என்றால் அவரிடம் ஒன்றே ஒன்று: "உங்க வீட்ல யாருக்காவது இதே பிரச்சினைன்னா இங்கேயே சேர்ப்பீங்களா, எந்த டாக்டர்கிட்ட?" பதிலைவிட, சொல்வதற்கு முன் அவர் எவ்வளவு யோசிக்கிறார் என்று பாருங்கள்.

கனிவாகப் பேசுகிற டாக்டரா, கைதேர்ந்த டாக்டரா?

பெரிய ஆபரேஷன் என்றால் கைதேர்ந்தவர். அந்த அறுவை சிகிச்சையை ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள் என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். சிக்கலான ஆபரேஷன்களை அதிகம் செய்யும் இடங்களில் இறப்பு குறைவு என்பதை ஹெரால்ட் லஃப்ட் குழு 1979லேயே காட்டிவிட்டது.

சர்க்கரை, பிரஷர், ஆஸ்துமா மாதிரி வருஷக்கணக்கில் கூடவே வரும் நோய்க்குக் காது கொடுத்துக் கேட்கிறவர்தான் கைதேர்ந்தவர்.

உள்ளே இருக்கும்போதே ஏதோ சரியில்லை என்று தோன்றினால்?

அப்போதே சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் ஆன பிறகு எழுதும் புகார் அடுத்தவருக்குத்தான் உதவும்.

நோயாளியின் இயல்பு தெரிந்தவர் வீட்டு ஆள்தான். "எப்பவும் இப்படிப் பேச மாட்டார்", "நேத்து என்னை அடையாளம் தெரிஞ்சது, இன்னிக்குத் தெரியல" என்பவை கருவி எதிலும் வராத தகவல்கள். கோபமாகச் சொன்னால் கோபத்துக்குப் பதில் கிடைக்கும். மாற்றத்தை நேரத்தோடு சொன்னால் கேஸ் ஷீட்டில் ஏறும். டூட்டி நர்ஸ், அடுத்து வார்டு பொறுப்பு நர்ஸ், அடுத்து டூட்டி டாக்டர், அதற்கு மேல் சிகிச்சை தரும் பெரிய டாக்டர் என்று படிப்படியாகப் போங்கள். மூச்சுத் திணறல், புதிதாக வரும் குழப்பம், சிறுநீர் நின்றுபோவது, கை கால் சில்லிட்டு வியர்ப்பது போன்றவற்றுக்குப் படி பார்க்க வேண்டாம், எட்டின ஆளைக் கூப்பிடுங்கள்.

சில இடங்களில் இது விதியாகவே வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2013 முதல் இருக்கும் ரையான் விதியும், இங்கிலாந்தில் 2024இல் அமலாகத் தொடங்கிய மார்த்தா விதியும் குடும்பத்தினரே நேரடியாக வேறொரு குழுவை அழைத்து மறுபடி பார்க்கச் சொல்ல வழி செய்கின்றன. இரண்டும், பெற்றோர் சொன்னதற்குக் காது கொடுக்காததால் பறிபோன பிள்ளைகளின் பெயரில் இருப்பவை. உங்கள் ஆஸ்பத்திரியில் இப்படி ஓர் ஏற்பாடு உண்டா என்று சேர்க்கும் அன்றே கேட்டு வையுங்கள்.

புகாரை எப்படி எழுதினால் வேலை நடக்கும்?

சுருக்கமாக, தேதி நேரத்தோடு, அடைமொழி இல்லாமல். இப்படி:

"12ஆம் தேதி இரவு 1.40க்கு வலி தாங்காமல் மணி அடித்தேன். 2.25க்கு ஒருவர் வந்தார். டாக்டரைக் கேட்டுச் சொல்வதாகப் போனார். காலை 6 மணி வரை யாரும் வரவில்லை. 6.10க்கு ஊசி போட்டார்கள். இந்த இடைவெளியில் டாக்டருக்குத் தகவல் போனதா என்று தெரிய வேண்டும். அந்த இரவின் கேஸ் ஷீட் பதிவின் நகலும் வேண்டும்."

"மனிதாபிமானமே இல்லாத ஊழியர்கள்" என்று எழுதினால் "வருந்துகிறோம்" என்று ஒரு வரி வரும். மேலே உள்ள மாதிரி எழுதினால் யாராவது பதிவேட்டைத் திறந்தே ஆக வேண்டும். உங்களுக்கு என்ன வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்: விளக்கமா, மன்னிப்பா, பணமா, முறை மாற்றமா. வாயால் சொன்னதோடு விடாமல் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்குங்கள். குறிப்பிட்ட நாளுக்குள் பதில் வராவிட்டால் ஆஸ்பத்திரிக்கு மேலே இருக்கும் அதிகார அமைப்புக்குப் போகலாம், அப்போது இந்தக் காகிதங்கள்தான் பேசும்.

ஒரு தடவை மோசமாக நடந்தது. மறுபடி அங்கேயே போகலாமா?

நடந்தது எந்த வகை என்று பாருங்கள். பில் தாமதம், அழுக்குக் கழிவறை, சிடுசிடுத்த ஊழியர் என்றால் வேறு வார்டில் வேறு கதையாக இருக்க வாய்ப்பு உண்டு. மருந்து மாறிப்போனது, ரிப்போர்ட் தொலைந்தது, சொன்ன அறிகுறியைக் கேட்கவில்லை என்றால் அடுத்து அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். தப்பை ஒப்புக்கொண்டு எப்படி நடந்தது என்று உட்கார வைத்து விளக்கிய இடத்துக்கு நான் மறுபடி போவேன். கேஸ் ஷீட்டைக் காட்ட மறுத்த இடத்துக்குப் போக மாட்டேன்.

நல்லபடியாக நடந்தால் எழுத வேண்டுமா?

எழுதுங்கள், அதையும் தேதியோடு. "எல்லாரும் அருமை" என்பது சுவரில் மாட்டத்தான் ஆகும். "14ஆம் தேதி இரவு டூட்டியில் இருந்த சிஸ்டர், ஊசி போடுவதற்கு முன் எதற்கு என்று என் அம்மாவிடம் சொன்னார், அம்மாவுக்குக் காது கேட்காததால் எழுதிக் காட்டினார்" என்று எழுதினால் அது வார்டு பொறுப்பு நர்ஸிடம் போகும், அந்த சிஸ்டரின் கோப்பில் சேரும். அவருடைய பெயர் தெரியாவிட்டால் வார்டையும் ஷிஃப்டையும் குறிப்பிட்டால் போதும், டூட்டி ரோஸ்டரைப் பார்த்து அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.